ஒத்தைக் கதவுத் தொண்டை

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் லொடலொடங்குது. இக்கட்ட, கட்டில்ல உக்காருங்க. குதிரைக்குக் கிட்டத்துல உக்காந்தா ஒண்ணும் பண்ணாதுங்க. மோந்து பாக்கும், அவ்வளவுதான்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. ஒட்டன்சத்திரத்துல இருந்து வர்றேன்னு போன்ல சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. புதுசா பெரிய குதிரை ஒண்ணு வாங்கியிருக்கீங்க. வண்டி ஓட்டறதுக்குத் திருமூர்த்தியைக் கேட்டிருக்கீங்க. அதுக்குள்ள எவனோ உங்க காதுல ஓதியிருப்பான், "அவன் கயிறு புடிக்கிற ஆளு, அவன்ற அக்கா புருசனே மைக்குல சொன்னாரு"ன்னு. அந்த அக்கா புருசன் நாந்தானுங்க. கிட்டுசாமி. மைக்குல சொன்னதும் நாந்தான். இல்லைங்கல.

கயிறு புடிக்கிறதுன்னா உங்களுக்குச் சொல்லோணுமாக்கு? ஜெயிக்க வேண்டிய குதிரையை, வண்டில உக்காந்திருக்கறவன் எவன்கிட்டயோ காசு வாங்கிப்போட்டு, கடைசி மைல்ல கடிவாளத்தை இழுத்துப் புடிச்சுத் தோக்க வெக்கறது. நம்ம பந்தயக்காரங்ககிட்ட அதைவிடப் பெரிய ஏச்சு கெடையாது. பொண்டாட்டியைத் திட்டினாக்கூடப் பொறுத்துக்குவான், இதைப் பொறுக்க மாட்டான்.

புடிச்சானா இல்லையா, ஒரு வார்த்தைல சொல்லுங்கங்கறீங்க. ஒரு வார்த்தைல சொல்ற ஆளு நான் இல்லைங்க. வந்தது வந்துட்டீங்க, முழுசாக் கேட்டுப்போட்டுப் போங்க.

மயிலா! ஒறம்பரை வந்திருக்காங்க, மோர் கொண்டா!

கொண்டாருவா. ஆனாப் பேச மாட்டா. எங்கூட ஒரு வருசமாப் பேச்சு கெடையாதுங்க. திருமூர்த்தி அவளுக்குக் கூடப் பொறந்த தம்பி. சோறு போடுவா, துணி தொவைப்பா, வெந்தண்ணி வெச்சுக் குடுப்பா. வார்த்தை மட்டும் இல்ல. சாப்பாடு ஆச்சுன்னா இங்க வந்து குதிரைகிட்டச் சொல்லுவா, "உங்க மொதலாளியைச் சாப்பிட வரச் சொல்லு"ன்னு. நானும் குதிரைகிட்டத்தான் பதில் சொல்லுவேன். எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகலைங்க. வீடு அமைதியா இருக்குது.

இந்தக் குதிரையை நான் வாங்கினது மூணரை வருசத்துக்கு முன்னால, ஆடில, அந்தியூர்ச் சந்தையில. உசரத்தைப் பாருங்க. பந்தய மைதானத்துல ஓடி ஓஞ்ச சாதி. அங்க ஏன் கழிச்சு விட்டாங்கன்னு நான் கேக்கலைங்க. திருமூர்த்தி கேட்டான். "மாமா, இவ்வளவு நல்ல குதிரையை ஏன் தள்ளி விடறாங்க?"ன்னான். நான் சொன்னேன், "உனக்குக் கண்ணு இருக்குது, காது இல்லை. அதை ஓட்டிக் காட்டச் சொல்லு, கேளு"ன்னேன்.

ஓட்டினாங்க பாருங்க. வேகம் எடுக்க எடுக்க அதுக்குத் தொண்டைல இருந்து ஒரு சத்தம் வந்துச்சுங்க. உர்ருங்குது, புலி மாதிரி. சந்தையில அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் பொறந்ததுல இருந்து குதிரைகளோட கெடக்கறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். மத்தவன் கேட்டதைவிட எச்சாக் குடுத்து வாங்கினேன். வர்ற வழியிலயே பேரு வெச்சாச்சு, கர்ஜனைன்னு. வண்டிக்குப் பின்னாடிப் பலகையில சேப்புப் பெயிண்டுல எழுதி வெச்சேன்.

சிரிக்காதீங்க. நீங்களா இருந்தாலும் அதுதான் பண்ணியிருப்பீங்க. மூச்சு பலமா இருக்கறதாலதான் சத்தம் பலமா வருதுன்னு எவனும் நெனைப்பான். நெனைக்க மாட்டேங்கறவனைக் கொண்டாங்க பாக்கலாம்.

ரண்டு வருசம் கர்ஜனைன்னா இந்தப் பக்கத்துல தெரியாத ஆளு இல்லைங்க. பந்தயத்துக்குப் போனா ஜெயிக்கறது தோக்கறது ரண்டாவது, சத்தம் கேக்கறதுக்குன்னே ரோட்டோரத்துல ஆளு நிக்கும். சத்தத்தைப் புடிச்சு என்ற போன்ல மணிக்கு வெச்சிருந்தேன். பஸ்ஸுல போறப்ப யாராவது கூப்பிட்டா உர்ருங்கும், பக்கத்துல இருக்கறவன் எந்திரிச்சு நின்னுக்குவான். எனக்கு அதுல ஒரு சந்தோசம். சந்தோசமா இருந்தேன்னு சொல்றதுக்கு என்னங்க வெக்கம்?

ஆனா ஜெயிக்கலைங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய குதிரைக்குப் போக அஞ்சு மைலு, வர அஞ்சு மைலு. போறப்ப இதுதான் மொதல்ல. கொடியைச் சுத்தித் திரும்பற வரைக்கும் பின்னால வர்ற வண்டி கண்ணுக்கே தெரியாது. திரும்பினதுக்கப்பறம் ஒவ்வொண்ணாத் தாண்டிட்டு வருவாங்க. மூணாவது, நாலாவது. ஒரு தடவை ஆறாவது. சத்தம் மட்டும் கொறையாது. தோக்கத் தோக்கச் சத்தம்தான் எச்சாச்சு.

திருமூர்த்தி ஒவ்வொரு தடவையும் எறங்கி வந்து ஒரே பாட்டுத்தான். "மாமா, இதுக்கு மூச்சு பத்தலை. தொண்டைல என்னமோ அடைக்குது." நான் சொல்லுவேன், "மூச்சு பத்தாத குதிரையா ரண்டு ஃபர்லாங்குக்குக் கேக்கற மாதிரிக் கத்துது?"ன்னு. சுத்தி நிக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க. அவன் வாயை மூடிக்குவான். அவன் சுபாவம் அப்படிங்க. ஒரு தடவை சொல்லுவான், ரண்டாந் தடவை சொல்லுவான், அதுக்கு மேல பேச மாட்டான். நல்லாச் சண்டை போடற ஆளா இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். தப்பு என்ற மேல மட்டும் இல்லைங்க.

போன தை மாசம் தாராபுரத்துக்கு அக்கட்ட ஒரு கோயில் நோம்பிப் பந்தயம். மொதப் பரிசு பெரிசு, அது கெடக்கட்டும். பந்தயக் கமிட்டிக்காரங்க வெச்ச ஃபிளெக்ஸுல என்ற போட்டோ, பக்கத்துல கர்ஜனை போட்டோ. நாலு முக்குலயும் வெச்சிருந்தாங்க. அதுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப திருமூர்த்தி வந்து நிக்கறான். "மாமா, உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிப்போட்டேன். குதிரையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தொண்டைல ஒரு பக்கம் வேலை செய்யலையாம். ஆபரேசன் பண்ணோணுமாம். இந்தப் பந்தயம் வேண்டாம், பேரை எடுத்துருங்க"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ற குதிரையை என்னைக் கேக்காம வண்டில ஏத்திக் கொண்டுபோறதா? தொண்டையை அறுத்தாக் கர்ஜனைக்குக் கர்ஜனைன்னு பேரு எதுக்கு? ஃபிளெக்ஸு வெச்சதுக்கப்பறம் பேரை எடுத்தா நாளைக்கு எவன் மூஞ்சியில முழிக்கறது? "ஓட்ட முடியும்னா ஓட்டு, இல்லைன்னாச் சொல்லு, ஊருல ஆயிரம் பேரு இருக்கறான்"னேன். அவன் குதிரைகிட்டப் போனான். குதிரையைப் பாத்தான். "நானே ஓட்டறேன்"னு சொல்லிப்போட்டுப் போயிட்டான்.

பந்தயத்தன்னைக்குப் போறப்ப மொதல்ல, வர்றப்பவும் மொதல்ல. எட்டு மைலு வரைக்கும் மொதல்ல. எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குது. ஒன்பதாவது மைல்ல வேப்பமரத்துக்கிட்ட நான் நிக்கறேன். என்ற கண்ணாலப் பாத்தேன், கேளுங்க. அவன் ரண்டு கையாலயும் கயித்தை இழுத்துப் புடிச்சான். உக்காந்த வாக்குலயே பின்னால சாஞ்சு, முழு பலத்தையும் போட்டுப் புடிச்சான். குதிரை நடைக்கு வந்துச்சு. ரண்டு வண்டி தாண்டுச்சு, மூணாவதும் தாண்டுச்சு. கடைசி ஒரு மைலு நடந்துதான் வந்துச்சு, கல்யாண ஊர்வலத்துக்கு வர்ற மாதிரி.

மைக்குல ஒருத்தன் "கர்ஜனைக்கு என்ன ஆச்சு"ன்னு கத்திட்டு இருக்கறான். நான் எவன் பைக்குலயோ ஏறிப் போயி, மேடை ஏறி மைக்கைப் புடுங்கினேன். என்ன ஆச்சுன்னு நான் சொன்னேன். "என்ற மச்சினன் கயிறு புடிச்சுட்டான். வித்துட்டான்"னேன். சொன்னதுதான். அத்தனை ஸ்பீக்கர்லயும் போச்சு.

அப்பறம் நம்மூரு வழக்கம் ஒண்ணு இருக்குதே, கோயிலுக்கு முன்னால சூடம் பத்த வெச்சு, "நான் புடிக்கலை"ன்னு சொல்லிக் கையால அணைக்கறது. அணைச்சுப்போட்டா அதுக்கு மேல எவனும் பேசக் கூடாது. கமிட்டிக்காரங்களே சூடத்தைப் பத்த வெச்சாங்க. "அணைடா, நான் மைக்குலயே மன்னிப்புக் கேக்கறேன்"னு சொன்னேன். நெசமாவே கேட்டிருப்பேனுங்க. அவன் சூடத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். கையைப் பின்னாடி கட்டிட்டான். "அணைக்க முடியாது மாமா"ன்னு சொல்லிப்போட்டுத் துண்டை எடுத்துட்டு நடந்துட்டான்.

நீங்களே சொல்லுங்க. ஊரே பாக்குது, சூடம் எரியுது, அணைக்க மாட்டேங்கறான். நான் என்னன்னு நெனைக்கறது? அங்க இருந்த முந்நூறு பேரும் நெனைச்சதைத்தான் நானும் நெனைச்சேன்.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்தப்ப மயிலா வாசல்லயே நின்னிருந்தா. அவளுக்குப் போன்ல தாக்கல் வந்திருச்சு. "என்ற தம்பியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. நான் "ஆமா"ன்னேன். அதுதான் கடைசி.

இந்தா, மோர் வந்துருச்சு. குடிங்க. பாத்தீங்களா, உங்களைப் பாத்துச் சிரிச்சா. என்ற பக்கம் திரும்பலை.

அதுக்கப்பறம் மாசில ஒரு பந்தயம். ஓட்டறதுக்கு ஆளு வேணுமே. எவனைக் கேட்டாலும் சாக்குச் சொன்னான். திருமூர்த்தியையே அப்படிப் பேசின மனுசன் நம்மளை என்ன பேசுவானோன்னு பயம். சரி போங்கடா, எனக்குத் தெரியாத வண்டியான்னு நானே ஏறி உக்காந்தேன். அம்பத்தி மூணு வயசு. சின்ன வயசுல ஓட்டினது, இருவது வருசமாத் தொட்டதில்லை.

அங்கதானுங்க ஒண்ணு தெரிஞ்சுது. நான் அந்தச் சத்தத்தை ரண்டு வருசமாக் கேட்டது எல்லாம் ரோட்டோரத்துல நின்னு. வண்டி நம்மளைத் தாண்டிப் போற வரைக்கும் பத்து எண்ணற நேரம். கம்பீரமாத்தான் இருந்துச்சு. வண்டில உக்காந்துட்டா அது நிக்காம வருது. மூச்சை உள்ள இழுக்கறப்பத்தான் சத்தம். வெளிய விடறப்ப ஒண்ணும் இல்லை. இழுக்கறப்ப மட்டும். கெணத்துல விழுந்தவன் மேல வந்து ஒரு வாய்க் காத்துக்கு இழுப்பான் பாருங்க, அப்படி. எட்டு மைலும் அது அப்படித்தான் இழுத்துச்சு. நான் பின்னாடி உக்காந்துட்டு இருந்தேன்.

ஒன்பதாவது மைல்ல முன்னங்கால் மடங்கி விழுந்துருச்சுங்க. தார் ரோட்டுல. முட்டி ரண்டும் பேந்து போச்சு. நாக்கு வெளிய வந்து கத்திரிக்காய் நெறத்துல கெடக்குது. ஓடி வந்தவங்க கொடங்கொடமாத் தண்ணி ஊத்தறாங்க. நான் கழுத்துப் பட்டையை அறுத்து விட்டேன். மூக்கைப் புடிச்சு விரிச்சு வெச்சுட்டு ரோட்டுலயே உக்காந்திருந்தேன். கால் மணி நேரம் கழிச்சுத்தான் தலையைத் தூக்குச்சு. போன்ல இருந்த அந்தச் சத்தத்தை அங்கயே, அந்த ரோட்டுலயே அழிச்சேன்.

மக்யா நாளு விடிஞ்சதும் லாரில ஏத்திட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானாத்தான் போனேன், எவனும் சொல்லிப் போகலைங்க. டாக்டரம்மா ஒருத்தங்க, ஜெபான்னு பேரு, நாகர்கோயில் பக்கம். சின்ன வயசு, ஒல்லி. இந்தப் புள்ள குதிரையை என்ன பண்ணப் போவுதுன்னு நெனைச்சேன். சீட்டு எழுதற ஆளு குதிரை பேரைக் கேட்டான். கர்ஜனைன்னேன். ஏதோ நோட்டைப் பொரட்டிப்போட்டு, "இது தை மாசமே வந்திருக்கே. சீட்டு இருக்கு. திருமூர்த்திங்கறது நீங்கதானா?"ன்னான்.

நான் "இல்லை"ன்னேன். வேற என்ன சொல்றது?

டாக்டரம்மா மூக்கு வழியாக் கேமரா வெச்ச குழாயை உட்டாங்க. டி.வி. மாதிரி ஒண்ணுல தொண்டை தெரிஞ்சுது. சேப்பா, ஈரமா, ரண்டு கதவு வெச்ச மாதிரி. மூச்சை இழுக்கறப்ப ரண்டும் அகலத் தொறக்கோணுமாம். வலது கதவு தொறக்குது, மூடுது. எடது கதவு அப்படியே தொங்குது. காத்து இழுக்க இழுக்க அது உள்ள ஒட்டிட்டு வழியை அடைக்குது. அந்தப் பக்கத்து நரம்பு செத்துப் போச்சுன்னாங்க. உசரமான குதிரைகளுக்கு வர்ற சீக்குத்தானாம்.

"நாங்க இதைக் கர்ஜனைன்னு சொல்லுவமுங்க"ன்னேன். அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "ஐயா, நீங்க கேக்கது கர்ஜனை இல்ல. அது மூச்சுத் திணறுற சத்தம். நாயின்னா வாயைத் தொறந்து இரைக்கும். குதிரைக்கு வாயால மூச்சு விட முடியாது, மூக்கு ஒண்ணுதான். ஒத்தைக் கதவை வச்சிக்கிட்டு இது பத்து மைல் ஓடியிருக்கு"ன்னாங்க. அப்பறம் பழைய சீட்டை எடுத்துக் காட்டினாங்க. அவங்க கையெழுத்துல எழுதியிருந்துச்சு: ஓட விடக் கூடாது. மீறி ஓடினா, சத்தம் கூடி நாக்கு நிறம் மாறுறதைப் பாத்த உடனே இழுத்து நிறுத்தணும், இல்லைன்னா விழுந்து செத்துரும்.

படிச்சேன். ரண்டு தடவை படிச்சேன், தையிலயும் மாசியிலயும் பந்தயத்துல நடந்ததைச் சொன்னேன். "தை மாசம் ஓட்டினவரு படிச்சு நடந்திருக்காரு. அதனாலதான் இது இன்னைக்கு உசுரோட என் முன்னால நிக்குது. மாசில யாரு ஓட்டினா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "கூலிக்கு ஒருத்தனுங்க. போக்கத்தவன்"னு சொன்னேன்.

இப்பப் புரியுதுங்களா? நான் பொய் சொல்லலை. மைக்குல சொன்னதுல ஒரு பாதி சத்தியமான நெசம். அவன் புடிச்சாந்தான். அதனாலதான் சூடத்தை அணைக்கலை. புடிக்கலைன்னு சாமி முன்னாடிப் பொய் சொல்ல அவனுக்குக் கை வரலை. ஏன் புடிச்சேன்னு அங்கயே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல? சொல்ல மாட்டான். ஒரு வாரத்துக்கு முன்னால சொன்னான், நான் கேக்கலை. ரண்டாந் தடவை சொல்றதுக்கு அவனுக்கு ரோசம். ரோசம் எனக்கு மட்டும் இருக்கக் கூடாதாக்கு?

பங்குனியில ஆபரேசன். மயக்க ஊசி போட்டா அரை டன் ஒடம்பு அப்படியே சாயுதுங்க. கழுத்துக்குப் பக்கவாட்டுல அறுத்து, தொங்கற கதவைக் கெட்டி நூலால பின்னாடி இழுத்துக் கட்டறாங்க, எப்பவும் தொறந்தே இருக்கற மாதிரி. தாடைக்குக் கீழ இன்னொரு அறுப்பு. அது வழியாப் போயி வழியை மறிக்கற சவ்வை வெட்டி எடுக்கறாங்க. அந்தப் புண்ணைத் தைக்க மாட்டாங்களாம், தானா ஆறோணும். எனக்கு ரத்தம் பாக்கறதுக்குப் பயமெல்லாம் கெடையாது. டீ குடிக்கோணும்னு தோணுச்சு, வெளிய போயிட்டேன். நாலு டீ குடிச்சேன்.

ஆனா ஆபரேசனைவிடப் பெரிய கண்டம் அதுக்கப்பறம்தான்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மயக்கம் தெளியறப்பக் குதிரை பயந்து அடிச்சுப் பொரண்டு எந்திரிக்கப் பாக்கும். அதுல கால் ஒடிஞ்சாத் தீந்துது, ஊசி போட்டுக் கொன்னுர வேண்டியதுதான். சுத்தியும் மெத்தை வெச்ச ரூமு ஒண்ணு இருக்குது, அதுலதான் போடுவாங்க. தலைக்கயித்தைப் பழகின ஆளு ஒருத்தரு புடிச்சிருந்தா நல்லதுன்னு என்னைக் கேட்டாங்க. நான் கையை நீட்டினேன். கயிறு புடியில நிக்காம நழுவிருச்சு. அந்தம்மா அதைப் பாத்துப்போட்டுப் பழைய சீட்டை எடுத்தாங்க. அதுல திருமூர்த்தி போன் நம்பர் இருந்துச்சு.

டீக்கடைல இருந்து திரும்பி வந்தப்ப அந்த ரூமு ஜன்னல் வழியாப் பாத்தேன். உள்ள திருமூர்த்தி உக்காந்திருக்கறான். காலை நீட்டி, அதோட தலையை மடியில வெச்சுட்டு, கையில கயிறு. என்னமோ பேசிட்டே இருக்கறான். மனுசங்ககிட்ட நாலு வார்த்தை பேசாதவன், அதுகிட்ட என்னதான் பேசுவானோ. அது மொதல்ல ஒரு தரம் எந்திரிக்கப் பாத்துச் செவுத்துல மோதி விழுந்துச்சு. அவன் எகிறிக் கயித்தைத் தாங்கிப் புடிச்சான். ரண்டாந் தரம் முன்னங்கால் ஊணுச்சு, பின்னங்கால் வழுக்கிருச்சு. அவன் விடலை. மூணாந் தரம் எந்திரிச்சு நின்னுச்சு. நாலு காலும் கிடுகிடுன்னு ஆடுது, ஆனா நிக்குது. மூச்சு வாங்குது. சத்தமே இல்லைங்க. நான் அந்தக் குதிரைகிட்டக் கேட்ட மொத சத்தமில்லாத மூச்சு அதுதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வந்துச்சு, சொல்றதுக்கு என்ன.

அவன் வெளிய வர்ற சத்தம் கேட்டதும் நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயி நின்னுட்டேன். ஒளியலைங்க. வெயிலு, நிழலுக்கு நின்னேன். அவன் கையைக் கழுவிப்போட்டு, டாக்டரம்மாகிட்ட "தீனியைத் தரையிலதான் போடோணும்னு மாமாகிட்ட மறக்காமச் சொல்லுங்க"ன்னு சொன்னான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துட்டான்.

இப்ப முழுசா ஆறிப்போச்சு. நீங்களே கழுத்தைத் தடவிப் பாருங்க, தழும்புதான். தீனி தரையிலதான், அதுவும் தண்ணியில நனைச்சு. இல்லைன்னாத் தொறந்த கதவு வழியா நுரையீரலுக்குப் போயிருமாம். தூசி ஆகாது. பெரியாஸ்பத்திரிக்கு மூணு தடவை கூட்டிட்டுப் போயிக் கேமரா வெச்சுப் பாத்தாச்சு, நூலு கெட்டியா இருக்குதுன்னுட்டாங்க. ஓட விடலாம்னுட்டாங்க. ஆனாக் கனைச்சாக்கூட இப்பப் புஸ்ஸுன்னுதான் வருது. ஊருல ஊமைக்குதிரைன்னு பேரு வெச்சிருக்கறானுக. கர்ஜனைன்னு பலகையில எழுதியிருக்குது, குதிரை ஊமைன்னு கேலி. நான் பலகையை அழிக்கலைங்க. எதுக்கு அழிக்கோணும்? ஊமைதான். ஓடறது வாயாலயா, காலாலயா? தூரத்துல நின்னு சத்தம் கேக்கறவனுக்காக இனி நான் குதிரை வளர்க்கலை.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். திருமூர்த்தி கயிறு புடிக்கிற ஆளான்னா, ஆமா, புடிக்கிற ஆளுதான். ஊரே ஏசும், அக்கா புருசனே மைக்குல கேவலப்படுத்துவான்னு தெரிஞ்சும் புடிச்சான். ஒரு காசு எவன்கிட்டயும் வாங்கலை. வித்துட்டான்னு நான் சொன்னது பச்சைப் பொய். என்ற வாயில இருந்து இது வர்றது இதுதான் மொதத் தடவை. அவனை உங்க வண்டில ஏத்துங்க. கண்ணை மூடிட்டு ஏத்துங்க. எவனாவது கேட்டாக் கிட்டுசாமியே சொன்னான்னு சொல்லுங்க, மைக்குலயே சொல்லுங்க.

எனக்கு? எனக்கு ஆளு வேண்டாமா அப்படிங்கறீங்களா? வேணும்தான். இந்தக் குதிரையை அவன் ஒருத்தன்தான் ஓட்ட முடியும். ஆனா நானாப் போயி அவன் வாசல்ல நிக்க மாட்டேன். உங்களுக்குக் குடுத்துட்டேன், கூட்டிட்டுப் போங்க. பந்தயத்துல எதுக்க எதுக்க வந்தாப் பாத்துக்கலாம்.

என்னது? மயிலா என்னமோ சொல்றா, உங்களைப் பாத்து. என்ன சொல்றா? எனக்குக் கேக்குதுங்க, நீங்க திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. "சாட்டையைச் சொன்னாரான்னு கேளுங்க" அப்படிங்கறா.

சொல்லலை.

சொல்றேன். இவ்வளவு சொன்னவன் அதை மட்டும் எதுக்கு மறைக்கறேன்? மாசிப் பந்தயத்துல, எட்டாவது மைலு முடியறப்ப, நாக்கு நிறம் மாறினதை நான் பாத்தேனுங்க. சத்தம் கூடினதும் கேட்டுச்சு. அப்பத்தான் பின்னாடி ஒரு வண்டி நெருங்கி வந்துச்சு. கயித்தை விட்டுப்போட்டுச் சாட்டையை எடுத்தேன். பதினோரு அடி. எண்ணிட்டுத்தான் அடிச்சேன். பன்னண்டாவதுக்குக் கையை ஓங்கறப்ப விழுந்துருச்சு. திருமூர்த்தி ரண்டரை வருசம் ஓட்டினான், வண்டில சாட்டையே வெச்சதில்லை. நான் ஓட்டினது ஒரே நாளு.

போதுமா மயிலா? ஆளுக்கு முன்னால சொல்லியாச்சு. போதுமா?

பாத்தீங்களா. உள்ள போயிட்டா. நீங்க மோரைக் குடிங்க தம்பி, புளிச்சுரும்.